கொக்கி போடாமல் போனவர்

நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் என் அக்கா வீட்டு வாசலில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு இரும்புக் கேட் உண்டு. அதன் உள்பக்கம் ஒரு கொக்கி. தூக்கி வளையத்தில் மாட்டினால் ‘டங்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் கேட் சாத்தியிருக்கிறது என்று அர்த்தம். இதை எனக்குச் சொன்னவர் மச்சான், அதாவது அக்காவின் கணவர். வீடு கட்டி முடித்த கையோடு பழங்காநத்தத்தில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்து, அவரே பக்கத்தில் நின்று பொருத்திய கொக்கி அது. அந்தத் தெருவில் வெள்ளாடுகள் அதிகம். வாசலில் அவர் வைத்த செம்பருத்திகள் அவற்றுக்கு நன்றாக எட்டும். எனவே யார் வந்தாலும் “கொக்கியப் போட்டாச்சா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தண்ணீர் குடிக்கிறீர்களா என்பது இரண்டாவது. அந்தக் கொக்கியை ஒருமுறைகூடப் போடாத ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் அக்காவின் சம்பந்தியம்மா. அக்கா மகனுக்குப் பெண் கொடுத்தவர். வண்டியூர்க்காரர்.

மச்சான் இறந்தது ஆனி மாதக் கடைசியில். ‘ஆடியில்தானே போனார்’ என்று இன்றும் சொல்கிற உறவினர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தில் நாள், கிழமை, திதி எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தவறாகவே நினைவில் வைத்துக்கொள்வார்கள். ஆடியில் வந்தது கருமாதி. அன்றைக்குத்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

சாவு வீட்டை எங்கள் பக்கம் கேத வீடு என்போம். கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் அதே மாதிரி ஒரு காரியத்துக்கு மறுபடியும் அந்த வீட்டுக்கு வர வேண்டியிருக்கும் என்று ஒரு பயம். எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டும். அன்றும் சாப்பாடு முடிந்து எல்லோரும் அப்படித்தான் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். அக்கா கூடத்துச் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போது கேட்டின் அருகிலிருந்து, பேருந்தில் நடத்துனரைக் கூப்பிடுகிற அதே குரலில் சம்பந்தியம்மா சொன்னார்:

“மதினி, போயிட்டு வாரேன்!”

கேட்டை அகலத் திறந்து போட்டுவிட்டு அவர் போய்விட்டார். வீட்டுக்குள் மச்சானின் தங்கை எழுந்தார்.

“கேட்டீகளா இத? அடுத்த எழவுக்கு வாரேன்னு சொல்லிட்டுப் போறா! இந்த வீட்டுப் பால்காய்ப்புக்கு வரத் தெரியல, இதுக்கு மட்டும் வாரேன்னு சொல்லத் தெரியுதா?”

பால்காய்ப்பு விவகாரத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோனபோது சம்பந்தியம்மா வரவில்லை. அவர் கணவர் மட்டும் வந்து, சாப்பிட்டு, காரணம் ஏதும் சொல்லாமல் போனார். பெண்ணைக் கொடுத்து அதிக நாள் ஆகாத நேரம். ‘தலைக்கனம்’ என்று எங்கள் பக்கம் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அதன்பிறகு அந்த அம்மாள் எது செய்தாலும் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சியாகத்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. இந்த ‘வாரேன்’ கடைசிச் சாட்சி. வண்டியூருக்குப் போய் ‘சொல்லி வைக்க’ ஓர் ஆள் வேண்டும் என்று முடிவானது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை இருக்காது என்று உறவினர்கள் திடமாக நம்புகிறார்கள். நான் பசுமலையிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

தெப்பக்குளத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் அவர் வீடு. சம்பந்தி, அவர் கணவர், வெற்று உடம்போடு துண்டைப் போர்த்திக்கொண்டு டிவி முன்னால் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதுவே அவருக்கு அதிகம்.

“வாங்கண்ணே. இவரப் பாருங்க, ஆளு வந்தாக்கூட மேலுக்கு ஒரு சட்ட கெடையாது,” என்றபடி சம்பந்தியம்மா நாற்காலியைத் துடைத்தார். நான் சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஐயையோ, சொல்லிட்டனா? நெசமாவா? பழக்கத்துல வந்துருச்சுண்ணே. பாவி வாயி.” பிறகு முகம் தெளிந்தது. “இப்ப என்ன? சொன்ன வாக்கு சும்மா கெடந்தாத்தான ஆபத்து? கெட்டதுக்குன்னு வாரதுக்கு முன்னாடி, ஒண்ணுமில்லாததுக்கு ஒருக்கா வந்துட்டுப் போயிட்டா? அந்தச் சொல்லு அதுலயே கழிஞ்சுரும்ல? புதன்கெழம வாரேன்னு மதினிகிட்டச் சொல்லிருங்க.”

சாத்திரங்களை ஓரளவு வாசித்தவன் நான். இப்படி ஒரு பரிகாரத்தை எதிலும் பார்த்ததில்லை. சொன்னால் சண்டை வளரும் என்று காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அப்போது அக்கா இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களைப் பற்றி மெல்லிய குரலில் பேசுகிறவர்கள் அவர்களோடு ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். எரிச்சல் வரும். எனக்கு வந்தது. இட்லியைத் தட்டில் வைத்தால் அது காய்ந்து வெடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். குளிக்கச் சொன்னால், “குளிச்சு என்ன ஆகப்போகுது?” என்பாள். எந்தச் சேலை கட்ட, எத்தனை ஆழாக்கு அரிசி போட, ஃபேனைப் போடவா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்ப்பாள். “எனக்கு என்ன தெரியும்? உன் மச்சான் இருந்தா சொல்லியிருப்பாரு.” மச்சான் நல்லவர், அக்காவிடம் ஒரு நாளும் கைநீட்டியவரோ குரலுயர்த்தியவரோ அல்ல. ஆனால் வங்கி, மின்கட்டணம், காஸ் பதிவு எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே “உனக்கு ஒண்ணும் தெரியாது, விடு” என்பார். வாழ்நாள் முழுக்கப் பிரியமாகச் சொல்லப்பட்டதை அக்கா அப்படியே நம்பியிருந்தாள். அவர் போனதும் அந்த நம்பிக்கை மட்டும் வீட்டில் மிச்சம்.

வந்தவர்கள் எல்லோரும் யோசனை சொன்னார்கள். ஒருவர் திருப்பரங்குன்றத்தில் மலையைச் சுற்றச் சொன்னார். ஒருவர் சுண்டைக்காய் வற்றல் சாப்பிடச் சொன்னார். சென்னையிலிருந்து மகன் தினமும் போனில் “வாக்கிங் போம்மா” என்றான். மருமகள் பின்னாலிருந்து “அத்தைகிட்ட யோகா சொல்லுங்க” என்றாள். வாட்ஸ்அப்பில் சூரியன் உதிக்கிற படங்களாக வந்து குவிந்தன. ‘உங்களுக்கு என்னக்கா குறை?’ என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரை நான் ஏறக்குறைய வெளியே தள்ளினேன். என் பங்குக்கு நானும் சளைக்கவில்லை. துக்கத்தைப் பற்றி வாசித்த புத்தகங்களிலிருந்து நல்ல இடங்களாகப் பார்த்து உரக்க வாசித்துக் காட்டினேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சொன்னபடி புதன்கிழமை சம்பந்தியம்மா வந்தார். வண்டியூரிலிருந்து பெரியார் பேருந்து நிலையம், அங்கே மாறி நாகமலை புதுக்கோட்டை. ஊரின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரம். “பொம்பளைகளுக்கு டிக்கெட்டு இல்ல. வீட்டுல கெடந்தா இவரு மூஞ்சியப் பாக்கணும். பஸ்ஸுல ஆயிரம் மூஞ்சி,” என்றார். அக்கா எழுந்திருக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இவர் ஒரு துணிப் பையைக் கவிழ்த்தார். கொத்துக் கொத்தாக முருங்கைக்கீரை.

“மதினி, எனக்குக் கண்ணு சரியில்ல. இத ஆஞ்சு குடுங்க. ஒரு காம்பு பல்லுல பட்டாப் போதும், அந்த மனுசன் தட்டத் தள்ளி வச்சிருவாரு.”

எனக்குக் கோபமாக வந்தது. புருஷனைப் பறிகொடுத்துப் படுத்திருப்பவளிடம் தன் வீட்டுக் கீரையை ஆயக் கொடுக்கும் ஒரு மனுஷியை நான் அதுவரை கண்டதில்லை. அக்கா வெகுநேரம் அந்தக் கீரையைப் பார்த்தாள். பிறகு, கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்த ஒரு கொத்தை மட்டும் எடுத்தாள். சம்பந்தியம்மா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தன் மூட்டுவலி, தெருக்குழாயில் தண்ணீர் வராதது, கணவரின் குறட்டை எல்லாவற்றையும் பேசித் தீர்த்தார். மாலையில் பாதி ஆய்ந்த கீரையைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். கேட்டைத் திறந்தவர் திரும்பினார்.

“மதினி, போயிட்டு வாரேன்!” பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். “அட, மறுபடியும் தவறிருச்சே! சரி விடுங்க, அடுத்த புதன் வந்து கழிச்சிர்றேன்.”

இப்படித்தான் அது தொடர்ந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் முந்தின வாரத்துச் சொல்லைக் கழிக்க வருவார். போகும்போது புதிதாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார். முதல் முறை வாய் தவறியது உண்மை. இரண்டாவது முறையில் எனக்குச் சந்தேகம் உண்டு. மூன்றாவதில் சந்தேகமே இல்லை. மச்சானின் தங்கை போனில் என்னைத் திட்டினார். நானோ சம்பந்தியம்மா போன பிறகு வாசலுக்கு ஓடி வெள்ளாட்டை விரட்டுவதிலேயே இருந்தேன், ஏனென்றால் அவர் ஒருபோதும் கொக்கியைப் போடவில்லை. சொல்லிப் பார்த்தேன். “அதெல்லாம் எனக்குக் கை எட்டாதுண்ணே,” என்றார். இடுப்பளவு கேட்டில் கை எட்டாது! ஆவணி பிறக்கும் முன்பே இரண்டு செம்பருத்திகள் குச்சியாகிவிட்டன.

ஆவணியில் ஒரு புதன்கிழமை அக்கா கீரைக் கொத்தைத் தூக்கிப் பார்த்து, “என்ன மதினி இது, இம்புட்டும் பூச்சி அரிச்சது? காசு குடுத்தா வாங்குனீக?” என்று கேட்டாள். மச்சான் போனபிறகு அவள் ஒன்றைக் குறை சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன், தாளை இறக்கவில்லை.

எல்லாம் தேறிவிட்டது என்று அன்று நினைத்தேன். அடுத்த வாரமே அது பொய்யானது. தயிர்க் கிண்ணத்தை வைக்க ஃபிரிட்ஜைத் திறந்த சம்பந்தியம்மா, கதவில் முட்டை வைக்கும் இடத்துக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்தார். அக்காவின் சர்க்கரை மாத்திரைகள். மருந்துக்கடையில் நானே வாங்கித் தந்தவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. தினமும் காலையில் நான் போன் செய்து ‘மாத்திரை போட்டாச்சா?’ என்று கேட்பேன்; ‘போட்டாச்சு’ என்பாள். சம்பந்தியம்மா அந்த அட்டைகளோடு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

“என்ன மதினி இது? யாருக்கும் தெரியாம நைசாப் போயிரலாம்னு பாக்கீகளா?”

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது?”

“எனக்கு ஆகணும். கீரைய யாரு ஆயுறது?” குரல் கொஞ்சம் உடைந்தது, உடனே அதட்டலானது. “வெள்ளிக்கெழம டாக்டரு வீட்டுக்குப் போறோம். சர்க்கர டாக்டரு இல்ல. மனசுக்குப் பாக்குற டாக்டரு.”

“எனக்கு என்ன பைத்தியமா?”

“நான் அஞ்சு வருசமா அவருகிட்டத்தான் மாத்தர வாங்கிச் சாப்பிடுறேன். என்னையப் பாத்தாப் பைத்தியமாத் தெரியுதா?”

அக்கா திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “அப்பப்ப தெரியுது,” என்றாள்.

இரண்டு பேரும் சிரித்த சத்தம் கேட்டு நான் கதவருகே போனேன். போனபோது சம்பந்தியம்மா அழுதுகொண்டிருந்தார். “பால்காய்ப்புக்கு வரலன்னு என்னைய எம்புட்டுப் பேசுனீக. ஒத்தப் பொண்ணு. அவள ஒங்க வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் நான் படுத்தேன் மதினி. அன்னைக்கிப் பட்டுச்சேல கட்டி, பூவெல்லாம் வச்சு, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்துட்டேன். பஸ்ஸு வந்துச்சு. ஏற முடியல. அடுத்தது வந்துச்சு, அதுலயும் ஏற முடியல. காலு நகரல. இவர மட்டும் ஏத்தி விட்டுட்டு வீட்டுக்குப் போயிக் கட்டுன சேலையோட படுத்துக்கிட்டேன். ஒடம்புக்கு என்னன்னு கேட்டாச் சொல்ல ஒண்ணும் இல்ல. தலைக்கனம்னு பேராயிருச்சு. அதுவே தேவலன்னு விட்டுட்டேன்.”

அந்தப் பால்காய்ப்பு நாளை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்குப் பாயசம் எட்டவில்லை என்பதுவரை சொல்வார்கள். வண்டியூர்ப் பேருந்து நிறுத்தத்தில் பட்டுச்சேலையோடு நின்ற ஒருவரைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. ‘உடம்புக்கு முடியுதா?’ என்று ஒரு போன் செய்திருந்தால் தெரிந்திருக்கும். இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

எங்கள் ஊர் அண்ணா நகர்ப் பக்கம் இருந்த அந்த டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அக்காவிடம் மட்டும் பேசினார். முதலில் கொடுத்த மாத்திரை அவளை நாள் முழுக்கத் தூங்க வைத்தது, மாற்றிக் கொடுத்தார். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். ‘இப்ப எப்படி இருக்கு, நல்லாயிருச்சா?’ என்று மகன் தினமும் கேட்க, அடுப்பில் வைத்த பால் பொங்குகிறதா என்று கேட்பதுபோல அதைக் கேட்காதே என்று நான் கத்தினேன். நல்ல நாட்கள் வந்தன. பிறகு ஐப்பசி மழையில் காரணமே இல்லாமல் இரண்டு வாரம் மறுபடி படுத்துக்கொண்டாள். அந்த இரண்டு புதன்களிலும் சம்பந்தியம்மா வந்து, அக்கா படுத்திருக்கும் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து தானே கீரையை ஆய்ந்தார். கண் நன்றாகத்தான் தெரிந்தது.

மார்கழியில் ஒரு புதன்கிழமை நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. அக்கா போனை எடுக்கவில்லை. தெருவில் இருந்தவர்களை எல்லாம் கேட்டேன். கிணறு உள்ள தோட்டம் ஒன்று பின்னால் இருக்கிறது; அதுவரை போய்ப் பார்த்தேன். கடைசியில் வண்டியூரிலிருந்து போன் வந்தது. சம்பந்தியம்மாவுக்குக் காய்ச்சலாம். அக்கா ஒரு ஃபிளாஸ்கில் ரசம் எடுத்துக்கொண்டு, பெரியாரில் பேருந்து மாறி, வழி கேட்டுக் கேட்டுத் தனியாகப் போயிருக்கிறாள். அறுபது வயதுவரை மச்சான் துணையில்லாமல் பேருந்தில் ஏறியறியாதவள். “ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?” என்று கத்தினேன். “சொன்னா நீ பஸ் நம்பரு, டைமு எல்லாம் எழுதிக் குடுத்து என்னையப் பயங்காட்டியிருப்ப,” என்றாள். பின்னால் சம்பந்தியம்மா இருமிக்கொண்டே சிரிப்பது கேட்டது.

அந்தப் புதன்கிழமை ஏற்பாடு மூன்றாண்டுக்கு மேல் நடந்தது. போன பங்குனியில், குளித்துவிட்டு வந்து ஈரத்தலையோடு உட்கார்ந்த சம்பந்தியம்மா எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அக்கா அழுதாள், சாப்பிட்டாள், இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். ‘போட்டாச்சா?’ என்று நான் கேட்கவே இல்லை.

கருமாதி முடிந்து வண்டியூர் வீட்டிலிருந்து எல்லோரும் சத்தமில்லாமல் கலைந்தார்கள். சம்பந்தி ஓர் ஓரத்தில் வெற்று உடம்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். டிவி ஓடவில்லை, ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கடந்து போனவர்கள் வழக்கப்படி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அக்கா எங்கே வாயைத் திறந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் ஒன்றும் பேசாமல் வந்து ஆட்டோவில் ஏறினாள். தெருமுனை திரும்பும்போது, “தம்பி, நிறுத்துப்பா,” என்று ஓட்டுநரிடம் சொன்னாள். இறங்கித் திரும்பி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

வாசற்படியில் நின்றுகொண்டு, உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “அண்ணே, புதன்கெழம வாரேன். சட்டையப் போட்டுட்டு இருங்க.”

“ஆத்தாடி, இது என்ன பேச்சு!” என்றது உள்ளேயிருந்து ஒரு வயதான குரல்.

“வாய் தவறிருச்சு,” என்றாள் அக்கா.

புதன்கிழமை போனோம். சம்பந்தி சட்டை போட்டிருந்தார், பொத்தான் ஒன்று மேலே கீழே மாறியிருந்தாலும். அக்கா பையைக் கவிழ்த்தாள். முருங்கைக்கீரை. “எனக்குக் கண்ணு சரியில்லண்ணே. நீங்களே ஆயுங்க,” என்றாள். அவர் அவளைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார், பிறகு காம்பு சிக்காமல் உருவ முடியாமல் நெடுநேரம் தடுமாறினார். அக்கா உதவவில்லை.

இதெல்லாம் பங்குனியில். இப்போது ஆனி. அக்காவுக்கு இன்னும் மோசமான நாட்கள் வருகின்றன. போன வாரம்கூட ஒன்று வந்தது. மாத்திரை தொடர்கிறது. நான் வரும்போதெல்லாம் கேட் திறந்தே கிடக்கிறது. கொக்கி துருப்பிடித்துவிட்டது. அதற்கு எண்ணெய் விட்டு, ‘டங்’ என்று மாட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன். அடுத்த முறை வந்தால் மறுபடி திறந்து கிடக்கிறது. செம்பருத்தியில் கடைசிச் செடியும் போய்விட்டது. ‘மச்சான் வைத்த செடி’ என்று சொல்லிப் பார்த்தேன். “ஆடும் திங்கத்தான செய்யும்,” என்கிறாள்.

இந்தப் புதன்கிழமை நான் கூடத்தில் இருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. அன்று நான் கொக்கியைப் போட்டிருந்தேன். யாரோ அதை எடுக்கத் தெரியாமல் எடுத்தார்கள். எட்டிப் பார்த்தால் சம்பந்தி. சட்டை போட்டிருந்தார். கையில் அந்தத் துணிப் பை. வண்டியூரிலிருந்து தனியாக வந்திருக்கிறார். என்னைப் பார்த்து வழக்கம்போலத் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே நடந்தார்.

கேட்டை அவரும் சாத்தவில்லை.